பால்வினைத் தொற்றுகள்: புண் ஆறிவிட்டது என்பதால் நோய் போய்விட்டதாகாது (கேள்வி – பதில்)

அரசு மருத்துவமனை ஒன்றின் பால்வினை நோய்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் என்ற முறையில், இவ்வாரம் வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன். கடைசியாக வந்த கேள்விக்கு நேரக்கெடு இருப்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நேற்று முன்தினம் இரவு, அதிகம் பழக்கமில்லாத ஒருவருடன் ஆணுறையின்றி உறவு கொண்டேன். எச்.ஐ.வி. பரிசோதனையை உடனே செய்துகொள்ளலாமா?

பரிசோதனையைவிட உங்களுக்கு இப்போது அவசரமானது தடுப்பு மருந்து. தொற்றுக்கு வாய்ப்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் இடைவிடாமல் உட்கொண்டால் எச்.ஐ.வி. உடலில் வேரூன்றுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்துக்கு இன்றே செல்லுங்கள். அது மூடியிருக்கும் நேரமானால் அவசரப் பிரிவில் சொல்லுங்கள். வழி தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். இன்று எடுக்கும் இரத்தப் பரிசோதனை உங்கள் பழைய நிலையைத்தான் காட்டும் என்பதால், 6 வாரத்திலும் 3 மாதத்திலும் அதை மீண்டும் செய்ய வேண்டும்.

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் ஆணுறுப்பில் வலியில்லாத ஒரு புண் வந்தது. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினேன். மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. இப்போது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத செம்புள்ளிகள் உள்ளன. உடல் சூடு என்கிறார்கள். எனக்கு வயது 27.

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது சிபிலிஸ். நம் முன்னோர் பறங்கிப்புண் என்று குறிப்பிட்ட நோய். தொற்றிய 10 முதல் 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், வலியில்லாத ஒரு புண் தோன்றும். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் அது 3 முதல் 6 வாரத்தில் தானாகவே ஆறிவிடும். தானாக ஆறிய புண்ணுக்கு நீங்கள் களிம்பைக் காரணமாக்கிவிட்டீர்கள். அந்த வாரங்களில் கிருமி இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவியிருக்கக்கூடும். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சேர்த்துத் தாக்கும் தடிப்புகள் மிகச் சில நோய்களிலேயே வரும். இப்புள்ளிகளும் ஒருநாள் மறைந்துவிடும், நீங்களும் குணமாகிவிட்டதாக நம்பிவிடுவீர்கள் என்பதே என் கவலை. ஏனெனில் அதன்பின் பல ஆண்டுகள் ஓசையின்றி இருந்து, இதயத்தையும் மூளையையும் கண்ணையும் தாக்கும் வல்லமை இந்நோய்க்கு உண்டு.

விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் என்னும் எளிய இரத்தப் பரிசோதனை போதும். நோய் உறுதியானால், இந்தக் கட்டத்தில் 24 லட்சம் யூனிட் பென்சாதைன் பென்சிலினை ஒரே முறை இடுப்பில் ஊசியாகப் போடுவார்கள். 1943இல் ஜான் மஹோனி பென்சிலினால் சிபிலிஸைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இக்கிருமி அம்மருந்துக்குப் பணிந்தே வருகிறது என்பது நமக்கு வாய்த்த நற்பேறு. ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். மருந்து ஒவ்வாமை என்று அஞ்ச வேண்டாம். ஆனால் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் அது வேறு, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். 6 மாதத்திலும் 12 மாதத்திலும் இரத்தத்தை மறுபடி பாருங்கள். பார்வை மங்குதல், காதில் இரைச்சல், விடாத தலைவலி ஆகியவற்றில் ஒன்றேனும் இப்போது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை முறையே மாறும்.

கேள்வி: அம்மா, நான் நான்கு மாதக் கர்ப்பிணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விடிஆர்எல் பாசிட்டிவ் என்றார்கள். குழந்தைக்கு என்ன ஆகும்? மாமியாருக்குத் தெரிந்துவிடுமா?

நல்ல நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கர்ப்பத்தினாலேயே சிலருக்கு இப்பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதுண்டு; அதனால் டிபிஎச்ஏ போன்ற உறுதிப்படுத்தும் பரிசோதனையும் செய்வார்கள். அதன் முடிவு வரத் தாமதமாகுமென்றால் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை பெறாத சிபிலிஸ் கருச்சிதைவுக்கும் குழந்தை இறந்து பிறப்பதற்கும் காரணமாகலாம். பென்சிலினோ தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பானது, பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது அதைப் போட்டாக வேண்டும். உங்கள் முடிவை மாமியாரிடம் சொல்லும் உரிமை எந்தச் செவிலியருக்கும் இல்லை. கணவருக்கு மட்டும் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டாயம் தேவை, இல்லையேல் தொற்று உங்களுக்கே திரும்பி வரும்.

கேள்வி: எனக்கு வெள்ளைப்படுகிறது. கணவர் சென்ற மாதம்தான் வளைகுடாவிலிருந்து வந்தார். அவரைச் சந்தேகிப்பது சரியா?

வெள்ளைப்படுதலை வைத்து எவரையும் குற்றவாளியாக்க இயலாது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் நிறமும் நாற்றமும் இல்லாமல் வருவது இயல்பு. தயிர்க்கட்டிபோல் வந்து அரிப்பெடுத்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. உறவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. மஞ்சளாகவோ பச்சையாகவோ, துர்நாற்றத்துடனோ வந்தாலும், உறவின்போது இரத்தம் கசிந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். அடிவயிற்று வலியுடன் காய்ச்சல் சேர்ந்தால் அன்றைக்கே செல்லுங்கள்: தொற்று கருக்குழாய்வரை ஏறியிருக்கலாம், குழாய் அடைபட்டால் பின்னர் குழந்தைப்பேறு கடினமாகும். பெண்களிடம் கிளமிடியா என்னும் பால்வினைத் தொற்று பெரும்பாலும் அறிகுறியே காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் சீழும் வந்தன. நீர்க்கடுப்பு என்று பார்லித் தண்ணீர் குடித்தேன், கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கி இரண்டு வேளை போட்டேன். சற்றே குறைந்திருக்கிறது. மனைவியிடம் எப்படிச் சொல்வது?

நீர்க்கடுப்பில் சீழ் வடியாது. உங்களுக்கு வந்திருப்பது வெட்டை, அதாவது கொனோரியாவாக இருக்கலாம். உடன் கிளமிடியாவும் சேர்ந்திருப்பது வழக்கம். சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கொனோரியா கிருமி பணியாத நிலை வந்து வெகுகாலமாகிறது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென உள்ள சுகவாழ்வு மையத்துக்குச் சென்றால், இரு தொற்றுகளுக்கும் சேர்த்த மருந்தை இலவசமாகத் தருவார்கள். நீங்கள் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையை அங்கே மறைக்காதீர்கள்.

மனைவியிடம் நீங்களே சொல்வது நல்லது. "எனக்கு ஒரு தொற்று வந்திருக்கிறது, உனக்கும் பரவியிருக்கலாம், இருவரும் மருந்து எடுக்க வேண்டும்" என்று தொடங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. நா எழவில்லையெனில் மையத்தின் ஆலோசகர் முன்னிலையில் பேசலாம், அவர்கள் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள். எரிச்சல் நீங்கிவிட்டதாகத் தோன்றினாலும், இருவரும் மருந்தை முடித்து ஏழு நாள் ஆகும்வரை உறவு வேண்டாம்.