யாரோடு யாரை ஒப்பிடுவது? மூளைக் கட்டி ஆய்வுகள்: வாசகர் கேள்விகள்

மூளைக் கட்டி பற்றி ஆய்வு செய்யவுள்ளேன். எத்தனை நோயாளர் போதும்? (மருதானை)

எந்தக் கட்டி? மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமாவா, மூளைக்குள்ளேயே தோன்றி வேகமாக வளரும் கிளியோபிளாஸ்டோமாவா, நுரையீரலிலிருந்து பரவியதா? அதைக்கூட எழுதாதவருக்கு நான் சாத்திரம்தான் சொல்லலாம்.

புதிய சத்திரசிகிச்சை முறையை 1990களின் நோயாளர்களோடு ஒப்பிடலாமா? (தெஹிவளை)

கூடாது. 2005இல் டெமோசோலோமைட் என்ற புற்றுநோய் மருந்தின் பயன் உறுதியானது. கிளியோபிளாஸ்டோமாவில் இடைய ஆயுட்காலம் 12 மாதத்திலிருந்து 15ஐ நெருங்கியது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றமுள்ள கட்டிகளை அந்தப் பெயரிலிருந்தே நீக்கிவிட்டது. அத்தகைய கட்டியுள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்பவர்கள்; அவர்கள் உங்கள் பழைய பட்டியலில் கலந்து கிடக்கிறார்கள்.

விடுதிப் பதிவேட்டிலிருந்து, கட்டி முழுதாக அகற்றப்பட்டவர்களையும் பயோப்சி (சோதனைக்குச் சிறு துண்டு எடுத்தல்) மட்டும் செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்டேன். அகற்றியவர்கள் இரு மடங்கு காலம் வாழ்ந்தார்கள். முடிவு சரிதானே? (வெள்ளவத்தை, பட்டப்பின்படிப்பு மாணவர்)

சரியில்லை. இதே கட்டுரை ஆண்டுதோறும் வேறு வேறு பெயர்களில் என் மேசைக்கு வருகிறது. நீங்கள் அனுப்பிய அட்டவணையின் இரண்டு வரிகளைப் பாருங்கள். 72 வயது, இரு பக்கமும் பரவிய கட்டி, கார்னோஃப்ஸ்கி (அன்றாட வேலைகளைச் செய்யும் திறனுக்கு 100க்கு இடும் புள்ளி) 50: பயோப்சி. 48 வயது, வலது நெற்றிமடல், 90: முழு அகற்றல். இவர்களில் யார் கூடுதல் காலம் வாழ்வார் என்று சொல்லச் சத்திரசிகிச்சை நிபுணரே தேவையில்லை. ஸ்கானைப் பார்த்து 'இவருக்குப் பயோப்சி போதும்' என்று அவர் தீர்மானித்தபோதே உங்கள் முடிவும் பாதி எழுதப்பட்டுவிட்டது. வயதையும் புள்ளியையும் சரிக்கட்டினேன் என்பீர்கள். எவரும் எழுதிவைக்காத காரணத்தை எந்த மென்பொருள் சரிக்கட்டும்?

ஃபின்லாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களை எழுமாறாகப் பிரித்தார்கள். வீரியக் கட்டி உறுதியானவர்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான். அகற்றியவர்கள் சுமார் ஐந்தரை மாதமும், பயோப்சி மட்டும் செய்தவர்கள் மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வாழ்ந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் எவரும் எந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம். நோர்வேயில் எழுமாற்றுப் பிரிப்பே இல்லை. தீவிரம் குறைந்த கிளியோமா வகை மூளைக் கட்டிக்கு ஒரு வைத்தியசாலை பயோப்சி செய்து காத்திருந்தது, மற்றது முதலிலேயே அகற்றியது. யார் எங்கே போவது என்பதை வசிப்பிடமே தீர்மானித்தது. சுமார் 150 பேர். முதலிலேயே அகற்றிய இடத்தவர் கூடுதல் காலம் வாழ்ந்ததை 2012இல் வெளியிட்டார்கள். பதிவேட்டை வைத்துத்தான் செய்வேன் என்றால் இப்படிச் செய்யுங்கள்.

கதிர்வீச்சை முடித்தவர்களை மட்டும் எடுத்தால் தரவு சுத்தமாக இருக்குமே?

சத்திரசிகிச்சையின் சிக்கலால் முதல் மாதமே இறந்தவர்கள் காணாமல் போவார்கள். பிரித்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

புதிய கருவியை மூத்த நிபுணரும் பழைய முறையைப் பயிற்சி வைத்தியரும் கையாண்டால்?

கருவியை அல்ல, கையைத்தான் அளக்கிறீர்கள்.

எந்தக் குழு என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் மறைக்க முடியாதே?

முடியாது. ஸ்கானை வாசிப்பவரிடம் மறைக்கலாம். 2006இல் வெளியான ஜெர்மன் 5-ஏ.எல்.ஏ. (கட்டியை ஒளிரச் செய்யும் மருந்து) ஆய்வில், முழுதாக அகற்றலாம் என்று கருதப்பட்ட 320 பேரளவினரை மட்டுமே இரு குழுக்களிலும் சேர்த்தார்கள். எவரும் எந்தப் பக்கமும் விழலாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஒளிரும் மருந்து பெற்றவர்களில் 65 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 35 சதவீத அளவினருக்கும் முழு அகற்றல் கிடைத்தது. மொத்த ஆயுளில் தெளிவான வேறுபாடு இல்லை; அதைச் சொல்லாமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

அம்மாவை ஆய்வொன்றில் சேர்க்கக் கேட்கிறார்கள். ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் சிகிச்சை கிடைக்காதா? (கொட்டாஞ்சேனை)

வழமையான சிகிச்சை கிடைக்க வேண்டும்; அது என்னவென்று ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். தமிழ்ப் படிவத்தையும் ஆய்வின் பதிவு இலக்கத்தையும் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.