தோப்பை விற்க வேண்டாம், அவள் நுண்ணுயிரியல் படிக்கட்டும்

தேனிப் பக்கமிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். இரண்டு முறை நீட் எழுதியும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில்கூட இடம் கிடைக்கவில்லை. தாய்மாமன் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்க்க ஏஜென்ட் பிடித்துவிட்டார். தென்னந்தோப்பை விற்றால் பணம் புரளும். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: “தாத்தாவுக்குக் காசநோய் வந்ததிலிருந்து, ஒரே மாதத்தில் இருமல் நின்ற பிறகும் எதற்கு ஆறு மாதம் மாத்திரை என்று இவள் எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.”

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் தோப்பை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே டாக்டராக வேலை பார்க்க எஃப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அதை எழுதுகிறவர்களில் பாதிப்பேர்கூடத் தேறுவதில்லை. இதை ஏஜென்ட் சொல்லமாட்டார், தாய்மாமனும் விசாரித்திருக்கமாட்டார். அப்புறம், டாக்டராக வேண்டும் என்று உங்கள் மகள் சொன்னதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. அவள் கேட்டது வேறு.

அந்தக் கேள்விக்கு வயது எண்பதுக்கு மேல். 1944-ல் ஜோசப் பிக்கர் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் மேல் பென்சிலினைச் செலுத்தினார். ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று சாகாமல் நின்றது. அதை எடுத்து மறுபடி வளர்த்தால், அதன் சந்ததி பழையபடி பென்சிலினுக்குச் செத்தது. அதாவது அந்தக் கிருமி மருந்தை எதிர்க்கும் வகையாக மாறிவிடவில்லை. செல்சுவரைக் கட்டும் வேலையைத்தான் பென்சிலின் கெடுக்கும். வளராமல் அடங்கிக் கிடக்கும் கிருமி சுவரே கட்டுவதில்லை, அதனால் மருந்துக்குத் தப்பிவிடுகிறது. மருந்து நின்றதும் எழுந்து பெருகுகிறது. காசநோயிலும் முதல் சில வாரங்களில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். மெதுவாக வளர்கிற, அல்லது வளராமல் கிடக்கிற மிச்சத்துக்காகத்தான் தாத்தா ஆறு மாதம் மாத்திரை விழுங்கினார்.

இப்படி மருந்துக்குச் சாகாமல் தப்பும் தாங்குதிறன், ஆஸ்பத்திரி லேப் கொடுக்கும் வழக்கமான ரிப்போர்ட்டில் தெரியாது. கிருமி வளர்க்கும் அகார் தட்டில் மருந்து வில்லையை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டம் விழுந்தால் ‘மருந்து கேட்கும்’ என்று எழுதிவிடுவார்கள். 2017-ல் ஜெருசலேமில் நத்தாலி பலாபன் குழுவினர் இதற்கு ஒரு எளிய வழி காட்டினார்கள். வட்டம் விழுந்த பிறகு மருந்து வில்லையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கிருமிக்கு உணவாகும் குளுக்கோஸ் வில்லையை வைக்கிறார்கள். வெறுமையாக இருந்த வட்டத்துக்குள் மறுநாள் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கிருமிக் கூட்டங்கள் முளைக்கின்றன. செத்ததாக நினைத்தவை அவை! பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆபத்தில்லாத ஈ.கோலை வகையை வைத்து, ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு மாவட்டக் கல்லூரி லேபிலேயே செய்து பார்க்கலாம்.

சரி, வழி என்ன? அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பிஎஸ்சி நுண்ணுயிரியல். அரசுக் கல்லூரியில் ஆகும் செலவுக்குத் தோப்பின் தேங்காய் வருமானமே போதும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பிஎஸ்சியோடு நிறுத்தினால் சின்ன லேபில் குறைந்த சம்பளம்தான், அதை மறைக்கமாட்டேன். எம்எஸ்சி கட்டாயம். பயோடெக்னாலஜி பக்கம் போக நினைத்தால் காட்-பி என்ற நுழைவுத் தேர்வு எழுதட்டும், அதன் வழியாகச் சேருகிறவர்களுக்கு உதவித்தொகை உண்டு. அதற்குப் பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்டி படிக்கிறவளுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது, நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956-ல் தொடங்கியது. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கினாலும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாவது ஏறத்தாழ ஒன்றுதான் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டிய இடம் அது. தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே மாத்திரை சாப்பிட முடிந்ததற்கு அந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம். உங்கள் மகள் ஆராய்ச்சிக்குப் போய்ச் சேரக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று.

இதில் பிஎச்டி பட்டம் வாங்க எட்டு, பத்து வருஷம் ஆகும். கல்யாணப் பேச்சு நடுவில் வரும், அப்போது படிப்பை நிறுத்தமாட்டோம் என்று இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். அதிகக் கட்டணம் கேட்கும் தனியார் கல்லூரியில் இதே பிஎஸ்சிக்குக் கடன் வாங்குவதும் வேண்டாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவி ஓடுகிறதா, மாணவர்கள் ஒவ்வொருவரும் தன் கையால் அகார் தட்டு ஊற்றுகிறார்களா, இல்லை ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று அவளே கேட்கட்டும். ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். தாய்மாமன் கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.