மூக்குக்கும் கண்ணுக்கும் தனிக் கடிகாரம் உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உடல் கடிகாரம் மூளையில் இருப்பதாகத்தான் படித்திருக்கிறோம். புலன் நரம்புச் செல்களிலும் தனித்தனியே கடிகாரம் இருக்கிறது என்பது எப்படித் தெரியவந்தது? (உயிரியல் ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: நீங்கள் படித்தது சரிதான், ஆனால் செய்தி அத்துடன் முடிந்துவிடவில்லை. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் இரு சிறு திரள்களாக அமைந்திருக்கின்றன. பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் அதுவே. எனினும் அதை இயக்கும் மரபணுக்கள் உடலின் பெரும்பாலான செல்களிலும் வேலை செய்கின்றன.

இதைத் தெளிவாகக் காட்டியது பழ ஈ. வாழைப்பழத் தோலைச் சுற்றி மொய்க்கும் அந்தச் சிறிய ஈயில், நாள் ஒழுங்கைக் குலைக்கும் 'பீரியட்' மரபணு மாற்றங்களை 1971இல் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் கண்டறிந்தார்கள். அந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதம் செல்லுக்குள் பல மணி நேரம் சேர்ந்து, பின் உட்கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கும் மரபணுவையே அடக்கிவைக்கிறது. புரதம் சிதைந்து குறைந்த பிறகு மரபணு மீண்டும் விழிக்கிறது. இந்தச் சுற்று ஒருமுறை முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. இந்த இயக்கத்தை விளக்கியதற்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மரபணுவோடு மின்மினியின் ஒளிரும் புரதத்தை இணைத்து 1997இல் ஓர் ஆய்வு நடந்தது. ஈயின் உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உறுப்புகள் ஊட்டக் கரைசலில் தனியே கிடந்தபோதும், நாள்தோறும் ஒளி கூடியும் குறைந்தும் மின்னின. மூளையோடு தொடர்பே இல்லாத உறுப்பு நேரத்தை அறிந்திருந்தது என்பது, முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது என்னை உலுக்கிய செய்தி.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வாசனைக்கான விடை வந்தது. ஈயின் மூக்காகிய உணர்கொம்பில் வாசனை எழுப்பும் மின் மாற்றத்தை அளந்தார்கள். இந்த அளவீட்டை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஈயை ஒரு குறுகலான பிளாஸ்டிக் முனைக்குள் செலுத்தினால் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உப்புக் கரைசல் நிரப்பிய, மயிரினும் மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனி அதன் உணர்கொம்பைத் தொடும். பழ வாசனை கலந்த காற்றை ஒரு நொடி ஊதியதும் திரையில் ஓடும் கோடு சட்டென்று பள்ளமாக இறங்கி, மெதுவாக மேலேறும். அதே ஈ இனம், அதே வாசனை, அதே அளவு. ஆனால் நள்ளிரவில் அளந்தால் பள்ளம் ஆழமாகவும், பகலில் அளந்தால் மேலோட்டமாகவும் இருக்கும். தொடர்ந்து இருட்டில் வைத்தாலும் இந்த வேறுபாடு நீடிக்கிறது. பீரியட் மரபணு பழுதான ஈக்களில் மறைந்துவிடுகிறது. 2004இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஈயின் நடமாட்டத்தை ஆளும் மூளைச் செல்களை அகற்றிய பிறகும் வாசனை உணர்வின் ஏற்ற இறக்கம் மாறவில்லை. உணர்கொம்பின் நரம்புச் செல்களில் மட்டும் கடிகாரத்தைக் குலைத்தபோது அது அழிந்தது. வாசனையைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதங்கள் செல்லின் நுனி இழைகளில் இரவில் அதிகமாகச் சேர்வதே இதற்கு ஒரு காரணம் என்பது பின்னர் தெரியவந்தது.

கேள்வி: அப்படியானால் எல்லாப் புலன்களும் இரவில்தான் கூர்மையாக இருக்குமா?

பதில்: இல்லை. அதே பழ ஈயின் உறிஞ்சுகுழலில் உள்ள சுவை நரம்புச் செல்கள் காலையில் மிகுதியாகவும் இரவில் குறைவாகவும் துடிக்கின்றன. ஒரே உடலுக்குள் மூக்கும் நாக்கும் வெவ்வேறு நேரம் காட்டுகின்றன என்பதுதான் இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை.

கேள்வி: மாலையில் மல்லிகை வாசனை தூக்கலாகத் தெரிவது நம் மூக்கின் கடிகாரத்தாலா?

பதில்: பெரும்பங்கு பூவினுடையது, மல்லிகை மொட்டு மாலையில் அவிழ்ந்து இரவில்தான் மணத்தை நிறைய வெளியிடுகிறது. எனினும் மூக்கும் வாளாவிருப்பதில்லை. பதின்பருவத்தினரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், நுகரும் திறன் சராசரியாக இரவு 9 மணியளவில் உச்சத்தில் இருந்தது; அதிகாலையில் அது மிகவும் தாழ்ந்திருந்தது.

கேள்வி: பகல் முழுவதும் பொறுத்துக்கொள்ள முடிகிற பல்வலி இரவில் உயிரை வாங்குகிறது. இது மனப்பிரமையா? (கோவை)

பதில்: பிரமை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். படுத்திருக்கும்போது தலைக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்வதும், கவனத்தைத் திருப்ப வேறு வேலை இல்லாததும் ஒருபுறம் இருக்க, வலி உணர்வே நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பிரான்சின் லியோன் நகரில் 12 இளைஞர்களை மங்கிய வெளிச்சத்தில், சாய்ந்த நிலையில், உறங்கவிடாமல் 34 மணி நேரம் வைத்திருந்து, மணிக்கொருமுறை சிறிதளவு உணவு கொடுத்து, இடையிடையே கையில் வெப்பம் படச்செய்து வலியை அளந்தார்கள். உணவு, வெளிச்சம், உறக்கம், அசைவு ஆகியவை தரும் குழப்பங்கள் நீங்கிய பிறகும், அதே சூடு அதிகாலை 3 மணியை ஒட்டி மிக அதிகமாகவும் பிற்பகல் 3 மணியை ஒட்டி மிகக் குறைவாகவும் வலித்தது. 2022இல் வெளியான அந்தக் கணக்கின்படி, இந்த ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடல் கடிகாரத்தின் பங்கு; உறக்கமின்மையின் பங்கு எஞ்சிய சிறு பகுதிதான். மருத்துவரிடம் போகும்போது வலி எவ்வளவு என்பதோடு எந்த மணிக்கு என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். பல்லைக் கவனிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்; பகலில் வலி குறைந்திருப்பதால் நோயும் குறைந்துவிட்டது என்று பொருளில்லை.

கேள்வி: என் தந்தைக்கு நீரிழிவால் பார்வை முழுமையாகப் போய்விட்டது. சில வாரங்கள் நன்றாக உறங்குகிறார். பிறகு சில வாரங்கள் பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார். வயோதிகம் என்கிறார்கள்.

பதில்: நீங்கள் விவரிக்கும் முறை வயோதிகத்தைவிட, வெளிச்சத்தோடு தொடர்பறுந்த கடிகாரத்தையே நினைவூட்டுகிறது. மனிதரின் உள் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்துக்குச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடுகிறது. நாள்தோறும் அதைத் திருத்துவது கண்ணில் விழும் வெளிச்சம். திருத்தம் நின்றால் அந்தச் சில நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்து, வாரங்கள் போகப் போக இரவும் பகலும் இடம் மாறுகின்றன.

வடிவங்களைக் காண உதவும் செல்களும் நேரம் அறிய உதவும் செல்களும் வேறு வேறு. விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட நரம்புச் செல்கள் மிகச் சிறு எண்ணிக்கையில் இருக்கின்றன. அவை தாமே ஒளியை உணர்ந்து, குறிப்பாக நீல ஒளியை உணர்ந்து, தலைமைக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன என்பது 2002இல் உறுதியானது. ஆகவே எதையும் பார்க்க முடியாத சிலருக்கும் வெளிச்சம் கடிகாரத்தைத் திருத்துகிறது. வேறு சிலருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. ஒரு மாதத்துக்கு மேலாக அவர் உறங்கும், விழிக்கும் நேரங்களை நாட்காட்டியில் குறித்து நரம்பியல் மருத்துவரிடமோ உறக்க மருத்துவரிடமோ காட்டுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு. இருட்டியதும் உடலில் சுரக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோனை, மாத்திரையாக நேரம் பார்த்துக் கொடுப்பது அதில் ஒன்று. நேரம் தவறினால் பயன் இல்லை என்பதால், நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: இரவில் கேட்கும் பெருஞ்சத்தம் காதுக்குக் கூடுதல் கேடா? (நூற்பாலைத் தொழிலாளி, ராஜபாளையம்)

பதில்: உட்செவியிலும் கடிகாரம் இருக்கிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பகலில் சத்தத்துக்கு ஆளான சுண்டெலிகளின் கேள்வித்திறன் மீண்டது. இரவில் ஆளானவற்றுக்கு நிலையான இழப்பு ஏற்பட்டது. ஆனால் சுண்டெலி இரவில் விழித்திருக்கும் உயிர். அதை நமக்கு அப்படியே பொருத்தக் கூடாது. எந்த ஷிஃப்டாக இருந்தாலும் காதடைப்பானை அணிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தனக்கென்று கடிகாரம் இல்லாத புலன் உறுப்பும் உண்டா?

பதில்: அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் லாட நண்டைச் சொல்லலாம். அதன் பக்கவாட்டுக் கண் இரவில் பத்து லட்சம் மடங்கு வரை கூர்மை பெறுகிறது. அமாவாசை இருட்டிலும் ஆண் நண்டு தன் இணையைக் கண்ணால் தேடிக்கொள்கிறது. அந்தக் கண்ணுக்கு நேரம் சொல்வது மூளை என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பார்லோ காட்டினார். மாலை வந்ததும் மூளையிலிருந்து கண்ணை நோக்கி நரம்புத் துடிப்புகள் பாய்கின்றன. அந்த நரம்பைத் துண்டித்தால் இரவுக் கண் பகல் கண்ணாகவே நின்றுவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, எலி போன்ற சிறு விலங்கான ஹாம்ஸ்டரின் விழித்திரையை வெட்டியெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோதும் அது நாள் முறை மாறாமல் மெலடோனின் சுரந்தது என்று 1996இல் கண்டார்கள். இயற்கை இரண்டு ஏற்பாடுகளையும் கையாண்டிருக்கிறது.

கேள்வி: வெளிச்சமே இல்லாத இடத்தில் காதோ மூக்கோ கடிகாரத்தைத் திருத்த முடியுமா? (ஆய்வு மாணவர், மதுரை)

பதில்: இதற்கான மிக அழகான விடை உங்கள் ஊரிலிருந்தே வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும், வெளிச்சம் எட்டாத குகையின் உட்பகுதியில் கூண்டில் வைத்த வௌவால்களின் நடமாட்டத்தை ஆராய்ந்தார்கள். தம் இனத்தைச் சேர்ந்த வௌவால்கள் மாலையில் வெளியேறி விடியலில் திரும்பும் குகையில், கூண்டு வௌவால்களும் அதே நேரத்தைக் கடைப்பிடித்தன. கூண்டிலிருந்த நாள்களில் பகலையோ இரவையோ அவை கண்ணால் காணவில்லை. வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை அதே கூட்டத்தின் நடுவே வைத்தபோது, சுற்றிலும் அத்தனை சலசலப்பு இருந்தும் அதன் கடிகாரம் அதற்குச் செவிசாய்க்கவில்லை. ஆளில்லாக் குகையில் தனியே விடப்பட்டவையோ, வெளி உலகின் நாளிலிருந்து சிறிது சிறிதாக விலகி, தம் உள் கடிகாரத்தின் போக்கிலேயே எழுந்தும் அடங்கியும் வந்தன.