இணையத் தரவுத்தளத்தில் தேடல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசிகசாலைப் பொறுப்பாளர்: கோஹா என்ற நூலக மென்பொருளில் உள்ள எங்கள் பட்டியலில் "வயல்" என்று தேடினால் "வயலில்", "வயலோரம்" என்று தலைப்புள்ள நூல்கள் வருவதில்லை. தேடுசொல்லின் இறுதியில், பின்னால் எது வந்தாலும் பொருந்தும் என்று காட்டும் நட்சத்திரக் குறியைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை இயக்கியும் பயனில்லை. ஏன்?

தவறு உங்களுடையதல்ல. கணினியில் "ல்" என்பது "ல" என்ற எழுத்தும் அதன்பின் தனிக்குறியாகச் சேரும் புள்ளியும் ஆகும். "வயல்" என்று தட்டச்சிட்டால் அந்தப் புள்ளியும் தேடுசொல்லின் பகுதியாகிவிடுகிறது. "வயலில்" என்பதில் அதே இடத்தில் புள்ளிக்குப் பதிலாக இகரக் குறி நிற்பதால் தொடக்கப் பொருத்தம் அங்கேயே அறுந்துவிடுகிறது. இறுதிப் புள்ளியை நீக்கி "வயல" என்று தேடிப் பாருங்கள். மூன்று வடிவங்களும் கிடைக்கும். மகர ஈற்றுச் சொற்களுக்கு இதுவும் போதாது. "மரங்கள்" வேண்டுமென்றால் "மர" வரை குறைக்க வேண்டும். அப்போது "மரபு", "மரணம்" ஆகியனவும் கூடவே வரும். ஆகவே இந்த விதியைத் தலைப்புப் புலத்துக்கு (பதிவில் தலைப்பு எழுதும் இடத்துக்கு) மட்டும் வைத்து, ஆசிரியர் பெயருக்கு முழுச்சொல் பொருத்தத்தையே விட்டுவிடுவது நல்லது. கோஹாவில் ஸீப்ரா என்ற தேடல் சுட்டியைப் (இன்டெக்ஸ்) பாவிப்பவர்கள் அது ஐசியூ முறையில் (பல மொழி எழுத்துகளையும் கையாளும் யுனிகோட் முறை) அமைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; அதை மாற்றினால் முழுப் பட்டியலையும் மீளச் சுட்டியிட வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து: "கொக்கட்டிச்சோலை" என்று தேடினால் அந்த ஊர்ப் பதிவுகளில் ஒரு பகுதிதான் வருகிறது. விடுபட்டவற்றைத் திறந்து பார்த்தால் எழுத்துப் பிழை எதுவும் தெரியவில்லை.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம்; எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் பதியலாம். திரையில் இரண்டும் "கொ"தான். "சோ"வுக்கும் இதே கதைதான். சோதிப்பது எளிது: "கொ"வின் பின் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் விசையை ஒரு தடவை அழுத்துங்கள். பெரும்பாலான மென்பொருள்களில், "க" மிஞ்சினால் அது ஒரே குறியீடு. "கெ" மிஞ்சினால் இரண்டு. யுனிகோட் நியமம் இவ்விரண்டையும் சமமானவை என்றே கொள்கிறது. ஆனால் குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடும் தேடலுக்கு அது தெரியாது. ஆகவே சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை என்எஃப்சி வடிவத்துக்கு (சமமான குறியீடுகளை ஒரே விதமாக்கும் யுனிகோட் வடிவம்) மாற்றும்படி உங்கள் நிரலாளரிடம் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பயனில்லை.

இம்முறை தீர்க்காத ஒன்றும் உண்டு. "கௌரி" என்பதை "கெ", "ள", "ரி" என்று பதிந்திருந்தால் அது உண்மையான எழுத்துப் பிழைதான். அதைத் திருத்த எண்ணி "கெள" வரும் இடமெல்லாம் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். கெளிறும் கெளுத்தியும் சிதைந்துவிடும். "ள"வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பொறுக்கி, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர்: அங்கத்தவர் புதிய அடையாள அட்டையோடு வந்தால் அவருடைய பழைய பதிவு அகப்படுவதில்லை.

2016 முதல் வழங்கப்படும் இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது; பழையது 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. பழையதைப் புதிய வடிவுக்கு மாற்றும் வழி நிலையானது: முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களை எழுதி, ஒரு பூச்சியம் இட்டு, மீதி நான்கையும் எழுதி, இறுதி எழுத்தை விட்டுவிட வேண்டும். இந்த 12 இலக்க வடிவத்துக்குத் தனிப் புலமொன்றை உருவாக்கி, தேடல் பெட்டியில் எந்த வடிவம் வந்தாலும் அதற்கு மாற்றிய பின்னரே ஒப்பிடச் செய்யுங்கள். அட்டையில் உள்ளபடியான இலக்கத்தை அழிக்க வேண்டாம். பழைய கோப்புகளோடு சரிபார்க்க அது தேவைப்படும். தேடலை முகவரிப் பட்டையில் தெரியாத போஸ்ட் முறையில் அனுப்பச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அங்கத்தவரின் இலக்கம் உலாவியின் வரலாற்றில் தங்கிவிடும்.

திருக்கோவிலிலிருந்து: மாத அறிக்கையில் 31ஆம் திகதிப் பதிவுகள் விடுபடுகின்றன.

உங்கள் புலத்தில் திகதியோடு நேரமும் இருக்கிறது. "31 வரை" என்றால் கணினி 31ஆம் திகதி நள்ளிரவு 00:00 மணியோடு நிறுத்திவிடும். "அடுத்த மாதம் 1ஆம் திகதிக்கு முன்" என்று மாற்றுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: முகம்மது, முஹம்மது, முகமது, மொஹமட் என்று ஒரே பெயர் நான்கு விதமாகப் பதிவாகியிருக்கிறது. "உள்ளடக்கியது" என்ற நிபந்தனையை எல்லாப் புலங்களுக்கும் போட்டால் சரியாகுமா?

ஆகாது. அந்த நிபந்தனை சொல்லின் நடுவிலும் தேடும். ஆனால் "முகமது"வுக்குள் "முகம்மது" இல்லையே. இரு புறமும் திறந்த தேடலுக்குச் சாதாரணச் சுட்டி உதவாது என்பதால் பதிவுகள் பெருகப் பெருக அது மெதுவாகவும் ஆகும். பெயர் வேறுபாடுகளுக்கென ஒரு சிறு அட்டவணை வையுங்கள்: ஒரு வரியில் ஒரு பெயர், அதன் எதிரே ஊரில் எழுதப்படும் வடிவங்கள் அனைத்தும். தேடல் முதலில் அந்த அட்டவணையைப் பார்த்து, எல்லா வடிவங்களையும் சேர்த்துக் கேட்கட்டும். ஒருவர் தம் பெயரை எழுதிய வடிவமே அவருடைய பெயர். ஆகையால் பதிவில் உள்ளதை மாற்றாதீர்கள். அட்டவணையை நிரப்ப நிரலாளரைக் காட்டிலும் உங்கள் முகப்பு மேசையில் இருப்பவரே பொருத்தமானவர்.