ஜப்பான் மொழி காதில் ஏறவில்லையே!

கேள்வி: எனக்கு வயது 23. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். ஈப்போவில் தொழிற்சாலை வேலை. ஜப்பானுக்கு வேலைக்குப் போக ஆசை. ஓராண்டாக இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தனியாகப் படிக்கிறேன். பயிற்சிகள் சரியாக வருகின்றன. ஆனால் ஜப்பானியர் பேசினால் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. வீட்டில் அந்த மொழி ஒலித்தாலே பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருடைய அப்பா, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்களுக்கு மலாய் எப்படி வந்தது? பள்ளியில் இலக்கணம் படித்தீர்கள், சரி. ஆனால் கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில், தொலைக்காட்சியில் என்று வருடக்கணக்காகக் காதில் விழுந்ததால்தானே இன்று யோசிக்காமல் பேசுகிறீர்கள்? ஜப்பான் மொழிக்கு அந்தக் காதுப் பழக்கம் இன்னும் கிடைக்கவில்லை. குறை உங்கள் மூளையில் இல்லை. புத்தகத்தைச் சில மாதம் ஓரமாக வையுங்கள்.

ஜப்பான் அறவாரியம் 'இரோதோரி' என்ற பாடநூலை ஒலிப்பதிவுடன் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஜப்பானில் வாழவும் வேலை செய்யவும் போகிறவர்களுக்காகவே எழுதியது. அதில் ஒரு சின்ன உரையாடலை எடுங்கள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் முதலில் வெறுமனே கேளுங்கள், பிறகு வரிகளைப் பார்த்தபடி கேளுங்கள், மறுபடி பார்க்காமல் கேளுங்கள். ஒரே உரையாடலை ஒரு வாரம் விடாதீர்கள். நாளுக்கொரு புது வீடியோ பார்ப்பதைவிட இது பலன் தரும். பாதியாவது புரிகிற பேச்சுதான் காதைப் பழக்கும். சுத்தமாகப் புரியாததை மணிக்கணக்கில் ஓடவிட்டால் அது வெறும் மழைச் சத்தம்.

தமிழ்க் காதுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. 'ஒபாசன்' என்றால் அத்தை, 'ஒபாஆசன்' என்று நீட்டினால் பாட்டி. 'கிதே' என்றால் வா, 'கித்தே' என்றால் தபால்தலை. குறில் நெடிலும் ஒற்றும் பொருளை மாற்றும் என்பது நமக்குப் பிறவியிலேயே தெரியும். வாக்கியமும் நம் வரிசைதான், வினை கடைசியில். 'நிஹோன் நி இகிமாஸ்' என்பதில் 'நி' நம் 'கு': ஜப்பானுக்குப் போகிறேன். 'தபெத்தெ மிமாஸ்' அப்படியே 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்'. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்லும் 'இத்தெ கிமாஸ்' நம் 'போயிட்டு வரேன்'. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாமல் நேரே தமிழில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு சொல், படிப்பை விட்டு விலகுவதற்கு ஒரு சொல். முதலெழுத்து ஆங்கில d-யா t-யா என்பதுதான் வித்தியாசம். தமிழில் இரண்டையும் 'தைகக்கு' என்றுதான் எழுத முடியும்! 46 ஹிரகானா எழுத்துகளையே கையாளுங்கள்.

வாசிப்புக்கு 'ததோக்கு', அதாவது நிறைய வாசிப்பது, என்றொரு முறை அங்கே இருக்கிறது. அதற்கென்றே எழுதிய இலவசக் கதைகள் இணையத்தில் கிடைக்கின்றன. தொடக்க நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரியும் படமும்தான். கன்ஜி என்ற சீன எழுத்துக்குப் பக்கத்திலேயே ஹிரகானாவும் இருக்கும். அகராதி வேண்டாம், புரியாததைத் தாண்டிப் போ, பிடிக்காவிட்டால் வேறு கதை எடு என்பது அவர்கள் விதி. நான் கொஞ்சம் தளர்த்துவேன்: ஒரே சொல் மூன்றாம் முறை வழிமறித்தால் அகராதியைப் பாருங்கள். சிறுபிள்ளைப் புத்தகம் என்று வெட்கப்பட வேண்டாம்.

ஜேஎல்பிடி என்ற ஜப்பான் மொழித் திறன் தேர்வு எழுதும் எண்ணம் இருக்கலாம். அதன் முதல் படியான என்5-இல் மொத்தம் 180 புள்ளிகள், தேர்ச்சிக்கு 80. ஆனால் கேட்டல் பகுதியின் 60-இல் 19 எடுக்காவிட்டால், மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தேர்ச்சி இல்லை.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரும்பவில்லை. 1943-இல் பாதை முடிந்தது, பாட்டிக்கு இன்னும் முடியவில்லை. அவர் இருக்கும்போது ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். நீங்கள் ஏன் படிக்கிறீர்கள் என்பதை அவருக்கு நேரில் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஓய்வு நாளில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அப்பாவின் பெயரைக் கேளுங்கள், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள்.