நீரும் கழிவும் பற்றித் தாமாகக் கற்க விரும்புகிறவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பொறியியல் பின்புலம் இல்லாத ஒருவர் நிலைத்த நீர் மேலாண்மையையும் கழிவகற்றலையும் வீட்டிலிருந்தபடியே, செலவில்லாமல், முறையாகக் கற்பதற்கு எந்த நூல்களும் பாடங்களும் உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வணிகவியல் படித்தவன். ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதப் போனேன். கிராமங்களில் கழிப்பறை கட்டும் திட்டம் ஒன்றின் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்க்கும்போது, ஒரு வீட்டுக்கு எட்டு உறை (கழிவுக் குழிக்குள் அடுக்கி இறக்கும் சிமெண்டு வளையம்) என்றும் பக்கத்து வீட்டுக்கு நான்கு உறை என்றும் வந்திருந்தது. எது சரி என்று அலுவலகத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைத்தது. அந்த உறைக் கணக்கைப் புரிந்துகொள்ளத்தான் நான் படிக்கத் தொடங்கினேன். ஆகவே கீழே சொல்பவை ஒரு நிபுணரின் பரிந்துரைகள் அல்ல. கணக்கர் ஒருவர் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த வழி என்றே கொள்ளுங்கள்.

முதலில் படிக்க வேண்டியது ஒரே ஒரு நூல். சுவிட்சர்லாந்தின் நீரியல் ஆய்வு நிறுவனமான ஈவாக் வெளியிட்ட, கழிவகற்றல் அமைப்புகளையும் தொழில்நுட்பங்களையும் தொகுத்துக் கூறும் கையேடு அது. பலரும் அதைக் 'கம்பெண்டியம்' என்றே அழைப்பார்கள். 2008இல் முதற்பதிப்பும் 2014இல் திருத்திய பதிப்பும் வந்தன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் ஒரு வெட்டுத்தோற்றப் படமும், எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது, பராமரிப்பு என்ன, உடல்நலக் கேடு என்ன என்ற சுருக்கமான விளக்கமும் இருக்கும். அந்த நூலின் உண்மையான பயன் அது எல்லாவற்றையும் ஐந்து கட்டங்களாகப் பிரித்துவிடுவதுதான்: மனிதர் உட்காரும் இடம், கழிவு சேரும் இடம், அதை எடுத்துச் செல்லும் வழி, சுத்திகரிக்கும் இடம், கடைசியில் அது மண்ணுக்கோ நீருக்கோ பயிருக்கோ போய்ச் சேரும் இடம். இந்த ஐந்தில் ஒன்று அறுந்தாலும் மற்ற நான்குக்கும் செலவழித்த பணம் வீண் என்பது அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதே விளங்கிவிடும்.

முழு நூலையும் வரிசையாகப் படிக்க வேண்டாம். எஸ் 6 என்று எண்ணிட்ட இரட்டைக் குழிக் கழிப்பறை, எஸ் 9 என்று எண்ணிட்ட செப்டிக் டேங்க் ஆகிய இரண்டையும் முதலில் படியுங்கள். நம் ஊர்களில் நீங்கள் காணப்போகும் பெரும்பாலானவை இவற்றின் நல்ல வடிவமோ கெட்டுப்போன வடிவமோதான். என் உறைக் கணக்கும் எஸ் 6இல் தீர்ந்தது. இரட்டைக் குழி என்பது இரண்டையும் ஒரே நேரத்தில் நிரப்புவதற்கானது அன்று. ஒன்று நிறைந்ததும் கழிவை மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிறைந்த குழியைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மூடி வைத்தால், உள்ளே இருப்பது மட்கி, கையாளக்கூடிய எருவாக மாறும். எட்டு உறை வாங்கிய வீட்டில் குழிக்கு நான்காக இரண்டு குழிகள் இருந்தன. நான்கு உறை வாங்கிய வீட்டில் ஒரே குழிதான் இருந்தது, அது நிறைந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. எட்டு உறை வீட்டிலும் ஒரு குறை: கழிவைப் பிரித்துவிடும் சிறு தொட்டியில் ஒரு வாயை அடைக்காமல் விட்டிருந்ததால் இரண்டு குழிகளும் சேர்ந்தே நிறைந்துகொண்டிருந்தன. ஒரு செங்கல்லும் கையளவு களிமண்ணும் போட்டு அடைத்திருந்தால் போதும்.

அடுத்து எஸ் 9. எங்கள் வீட்டுத் தொட்டி பதினெட்டு ஆண்டுகளாக நிறையவே இல்லை என்பதில் என் தந்தைக்குப் பெருமை அதிகம். கட்டிய கொத்தனாரின் கைராசி என்று உறவினர்களிடம் சொல்லுவார். செப்டிக் டேங்க் நீர் கசியாததாக இருக்க வேண்டும், உள்ளே தடுப்புச் சுவர் இருக்க வேண்டும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியில் படியும் கசடை எடுக்க வேண்டும் என்று படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நிறையாத தொட்டி என்றால் கசிகிற தொட்டி என்றுதானே பொருள்? லாரியை வரவழைத்து உறிஞ்சச் சொல்லி, மேலிருந்தே விளக்கடித்துப் பார்த்தோம். அடியில் தளமே போடவில்லை, வெறும் மணல். கிணறோ இருபத்தைந்து அடி தூரத்தில் இருந்தது. குழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் இடையே பொதுவாக முப்பது மீட்டர் இடைவெளி வேண்டும் என்று அதே நூல் சொல்கிறது.

இந்த இடத்தில்தான் நீர்ப் பரிசோதனை பற்றி அறிந்துகொண்டேன். ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று ஒன்று உண்டு: நீரை ஊற்றி மூடி வைத்தால், மலக் கலப்பு இருக்கும்பட்சத்தில் ஓரிரு நாளில் கறுத்துவிடும். இந்தியாவில் 1980களில் உருவாக்கப்பட்ட எளிய, மலிவான முறை இது. எங்கள் கிணற்று நீர் மறுநாள் காலையிலேயே கறுத்தது. துல்லியமான அளவு வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். வரும் அறிக்கையைப் படிக்கக் குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500ஐ அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 100 மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் என்ற நுண்ணுயிர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு பாடநூலைவிட, சொந்தக் கிணற்றின் அறிக்கை அதிகம் கற்றுத்தரும்.

படிப்பதைவிடக் கேட்பது எளிது என்பவருக்கு, அதே ஈவாக் நிறுவனத்தின் இணையப் பாடங்கள் கோர்செரா தளத்தில் உள்ளன: வீட்டளவில் நீரைத் தூய்மைப்படுத்துதல், கழிவகற்றல் திட்டமிடல், கசடு கழிவு மேலாண்மை, திடக்கழிவு என்று நான்கு. அவற்றின் காணொளிகள் யூடியூபிலும் கிடைக்கின்றன. கசடு கழிவுப் பாடத்தை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். செப்டிக் டேங்க் வெளியேற்றும் நீர் சுத்தமானது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்துள்ளது; நன்றாகக் கட்டிய தொட்டியே திடப்பொருளில் ஏறத்தாழ பாதியைத்தான் பிடித்து வைக்கும், ஈ. கோலை கிருமியில் பத்தில் ஒரு பங்கு எஞ்சி வெளியேறும். மீதி வேலையை மண்ணும் சுத்திகரிப்பு நிலையமும்தான் செய்ய வேண்டும். தொட்டியிலிருந்து லாரி உறிஞ்சிச் செல்லும் கசடு ஏரிக்கரையிலோ ஓடையிலோ கொட்டப்படுமானால், வீட்டில் செய்ததெல்லாம் ஊர்ச் சொத்தில் நஞ்சாகிறது.

இதை நேரில் காண விரும்பினால் முன் அனுமதி பெற்றுச் சில இடங்களுக்குச் செல்லலாம். பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் 2015இல் தொடங்கிய கசடு கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. நம் மாநிலத்தில் மதுராந்தகம் அருகே கருங்குழியில் ஒன்று உள்ளது. தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் 2015 முதல் திருச்சி மாநகராட்சியிலும் கோவைக்கு அருகே பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் ஆகிய பேரூர்களிலும் செய்த பணிகளின் அறிக்கைகள் இணையத்தில் உள்ளன. ஐரோப்பியக் கையேடுகளில் விடுபட்டுப்போகும் நம் ஊர் நடைமுறை, அதாவது லாரிக்காரர், கொத்தனார், பேரூராட்சி அலுவலர் ஆகிய மூவருக்கும் இடையே நடப்பது, அவற்றில் பதிவாகியிருக்கிறது. என் கணிப்பில் அவற்றைப் போல் பயனுள்ளவை வேறில்லை.

சட்டத்தையும் இதன் பகுதியாகவே படிக்க வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சிறியது. ஓர் அமர்வில் படித்துவிடலாம். சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தொட்டியின் வடிவமைப்பைப் பற்றிப் பேசும் பல பாடங்கள், அதற்குள் யார் இறக்கப்படுகிறார் என்பதைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிடுகின்றன. அத்தகைய பாடத்தை நான் அரைப்பாடம் என்றே கருதுகிறேன்.

நீர் மேலாண்மைப் பகுதியைக் குறுக்கியே சொல்கிறேன், ஏனெனில் அங்கே நூல்களுக்குப் பஞ்சமில்லை. அனில் அகர்வாலும் சுனிதா நரைனும் தொகுத்து, தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1997இல் வெளியிட்ட 'டையிங் விஸ்டம்' இந்தியாவின் மரபுவழி மழைநீர்ச் சேகரிப்பு முறைகளை வட்டாரம் வட்டாரமாக எடுத்துரைக்கிறது. நம் ஏரிகளுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் மதகு, மிகை நீர் வழியும் கலிங்கு, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஆகியவற்றை நூலில் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், ஏரி நீரைத் திறந்து வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டி இன்னும் இருக்கும் ஊர் ஒன்றுக்குச் சென்று அவரோடு கரையில் ஒரு நாள் நடந்துவிட்டு வாருங்கள். நிலத்தடி நீருக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள் போதும். தமிழ்நாட்டில் அம்மதிப்பீடு பிர்கா (சில ஊர்களைக் கொண்ட வருவாய்த்துறைப் பிரிவு) வாரியாகச் செய்யப்படுகிறது. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் நூறு விழுக்காட்டுக்கு மேல் எடுத்துவிட்ட பிர்கா 'மிகை நுகர்வு' என்று குறிக்கப்படும். உங்கள் பிர்கா எந்த வகையில் வருகிறது என்று பார்த்துவிட்டு மேலே படித்தால், மழைநீர்ச் சேகரிப்பு பற்றிய பக்கங்கள் வேறு விதமாகத் தெரியும்.

தமிழில் நல்ல பாடங்கள் குறைவு என்பது உண்மைதான். கம்பெண்டியத்தின் படங்களைக் காட்டி, விளக்கத்தை நானே தமிழில் எழுதிக் கொத்தனார்களிடம் கொடுத்துப் பார்த்தேன். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடியதில்தான் என் இரண்டாம் சுற்றுப் படிப்பு முழுவதும் நடந்தது. அவர்களில் ஒருவர், "தடுப்புச் சுவர் வைக்கலாம், அந்தக் காசை யார் தருவார்?" என்று கேட்டார். அதற்கு எந்த நூலிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பழைய தொட்டியை மூடிவிட்டு, கிணற்றிலிருந்து இடம் அனுமதித்த அளவுக்குத் தள்ளி, தளமும் தடுப்புச் சுவரும் கொண்ட புதிய தொட்டி கட்டினோம். குடிக்கக் குழாய்த் தண்ணீர், மற்றவற்றுக்கு மட்டும் கிணறு என்று வைத்துக்கொண்டோம். சென்ற ஆண்டு லாரி வந்து கசடு எடுத்துச் சென்றபோது, பழைய தொட்டியாக இருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது என்று என் தந்தை இன்னும் வருத்தப்பட்டார்.