பேட்டரி செத்துவிட்டதா, பட்டினி கிடக்கிறதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான்கு வருடப் பழைய கார். காலையில் செல்ஃப் அடித்தால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. மெக்கானிக் பானட்டைத் திறந்ததுமே பேட்டரியை மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றித்தான் ஆகவேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியும் இருக்கலாம். ஆனால் மீட்டர் வைக்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது, நான்கு வருடம் ஆகிவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து பிளஸ்ஸிலும் மைனஸிலும் தொட்டுப் பாருங்கள். ஓட்டிவந்து நிறுத்தியதும் அளக்காதீர்கள், அப்போது பலவீனமான பேட்டரிகூட நல்ல எண்ணைக் காட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். 12.6 இருந்தால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். இப்படிக் குறைந்திருந்தால் அது பட்டினிதான், முதலில் சார்ஜரில் போட்டு நிரப்புங்கள். நிரப்பிய பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே ஆறு செல்கள், ஆளுக்கு 2.1 வோல்ட், அதில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

நிரம்பிய பேட்டரியில் அடுத்த சோதனை: ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரியின் காலம் முடிந்தது, மெக்கானிக் சொன்னது சரி. அப்புறம் வண்டி ஓடும்போதும் ஒரு தடவை அளங்கள், பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும் (சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே இதை ஏற்றி இறக்கும்). எஞ்சின் ஓடியும் 12 சொச்சத்தைத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம்) பக்கம் போய்ப் பாருங்கள், ஏனென்றால் அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சீக்கிரமே படுத்துவிடும்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் வண்டியிலும் இதே 'டக் டக்' வந்தது, மீட்டரோ 12.6 காட்டியது. செல்ஃப் அடிக்கச் சொல்லி, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கட்டையிலும் மறுமுனையை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்தேன், ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டிய மீட்டர் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது! வெளியே வெள்ளைப் பூச்சு எதுவும் கிடையாது, கழற்றிப் பார்த்தால் கிளாம்பின் உள்பக்கம் கறுத்துப்போய்க் கிடந்தது. உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து இறுக்கினேன், ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. அதனால் புது பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கிளாம்பைக் கழற்றித் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: மாதம் ஒருமுறைதான் வண்டி எடுக்கிறேன். புது பேட்டரிகூட இறங்கிவிடுகிறதே, ஏன்?

பதில்: வண்டியைப் பூட்டிய பிறகும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம் என்பார்கள், ஆனால் அந்த 50 மில்லி ஆம்பியரே 30 நாளில் 36 ஆம்பியர் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) ஆகிறது, உங்களுடையது 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் சார்ஜ் போட்டாலும் பழைய பலம் திரும்பாது. பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவதால் பெரிய பிரயோஜனம் இல்லை. வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், முடியாவிட்டால் நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரில் போட்டுவையுங்கள்.

கேள்வி: பேட்டரியை நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வண்டியின் பாடி முழுவதும் மைனஸ்தான், மைனஸைக் கழற்றாமல் பிளஸ் நட்டில் கைவைத்தால் ஸ்பேனர் பாடியில் லேசாகப் பட்டாலே பெரும் தீப்பொறி பறக்கும், பக்கத்தில் பேட்டரியிலிருந்து வந்த, சட்டென்று தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வேறு இருக்கலாம். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள், பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் சிக்கினால் நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும். அளவும் பிளஸ் இருக்கும் பக்கமும் பழையதைப் போலவே இருக்கட்டும். சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டி என்றால், ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி நார் விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி வகை) இருந்த இடத்தில் ஏஜிஎம்தான் போடவேண்டும், சாதாரணப் பேட்டரி அந்த உழைப்பைத் தாங்காது. வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், பல மாதம் கடையில் கிடந்தது என்றால் வேறொன்று கேளுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், உள்ளே ஈயமும் ஆசிட்டும் இருக்கிறது.